கரோட்டிட் தமனி லாசெரம் துளை வழியாகச் செல்கிறதா?

கேள்வி – முதலாண்டு மருத்துவ மாணவி

வணக்கம். உலர்ந்த மண்டையோட்டைக் கவிழ்த்து அதன் அடித்தளத்தைப் பார்த்தால், ஆப்பெலும்புக்கும் பொட்டெலும்பின் பாறைப் பகுதியின் நுனிக்கும் நடுவே, ஓரங்கள் சிதைந்தாற்போன்ற, லாசெரம் என்ற பெரிய துளை ஒன்று தெரிகிறது. உட்கரோட்டிட் தமனி அதன் வழியாகவே மூளைக்கு ஏறுகிறது என்று குறித்து வைத்திருந்தேன். ஆனால் கரோட்டிட் கால்வாய்க்குத் தனியாக ஒரு வாய் இருக்கிறதே. ஒரே தமனிக்கு இரண்டு வாசல்கள் ஏன்?

பதில் 1 – உடற்கூறியல் ஆசிரியர்

வாசல் ஒன்றுதான், அம்மா. உயிருள்ள உடலில் லாசெரம் துளையின் கீழ்ப்பகுதியை நார்க்குருத்தெலும்பு அடைத்திருக்கும். மண்டையோட்டைப் பதப்படுத்தும்போது அது அழிந்துவிடுவதால்தான் நம் கண்ணுக்கு வெறும் ஓட்டை தெரிகிறது. தமனி பாறைப் பகுதியின் அடியில் உள்ள கரோட்டிட் கால்வாய்க்குள் நுழைந்து, நேராக மேலேறி, நடுச்செவிக்கும் உட்செவியின் நத்தைச்சுருளுக்கும் முன்னால் ஏறத்தாழச் செங்கோணமாக வளைந்து, முன்னும் உள்ளுமாக ஓடி, அந்தக் குருத்தெலும்பின் மேலாகக் கடந்து, மண்டையோட்டுக்குள் சிரை இரத்தம் தேங்கும் கேவர்னஸ் குழிக்குள் செல்கிறது. துளையை மேலிருந்து கீழாக முழுமையாக ஊடுருவுபவை சிறு தமனிக்கிளையும் நுண்சிரைகளும் மட்டுமே. வளையக்கூடிய மெல்லிய கம்பி ஒன்றைக் கால்வாயின் கீழ்வாயில் நுழைத்துப் பாருங்கள். எந்தப் படத்தையும்விட அது தெளிவாகச் சொல்லும்.

பதில் 2 – நரம்பு அறுவைப் பயிற்சி மருத்துவர்

ஆசிரியர் சொன்னதுடன் நரம்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகநரம்பிலிருந்து பிரியும் பெரிய பெட்ரோசல் நரம்பும், தமனியைச் சுற்றி வரும் பரிவு நரம்பு வலையிலிருந்து பிரியும் ஆழ்பெட்ரோசல் நரம்பும் லாசெரம் துளையருகே ஒன்றாகி, விடியன் நரம்பு என்ற பெயருடன் முன்னோக்கிச் செல்கின்றன. கண்ணீர்ச் சுரப்பிக்கான கட்டளை இந்த வழியில்தான் போகிறது.

தேர்வுக்காக மட்டும் இதைப் படிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விபத்தில் மண்டையடி எலும்பு முறிந்து, கேவர்னஸ் குழிக்குள் தமனி கிழிந்தால், அழுத்தம் மிகுந்த இரத்தம் சிரைகளுக்குள் பாய்ந்து, கண் சிவந்து, பிதுங்கி, நாடியோடு சேர்ந்து துடிக்கும். கண்ணை அசைக்கும் மூளை நரம்புகளில் மூன்றாவதும் நான்காவதும் குழியின் பக்கச் சுவரில் ஓட, ஆறாவது நரம்போ உள்ளே தமனியை ஒட்டியே ஓடுகிறது. அதனால் அது எளிதில் பாதிக்கப்படும், கண்ணை வெளிப்புறம் திருப்ப முடியாது.

மாணவி

இருவருக்கும் நன்றி. இன்று கம்பியை நுழைத்துப் பார்த்தேன், ஐயா. அது லாசெரத்தின் பின்சுவரில்தான் வெளிப்பட்டது. குறிப்பேட்டில் "வழியாக" என்பதை அடித்து, "மேலாக" என்று திருத்திவிட்டேன்.