நாலு மாதக் கூஸ் வாத்து இறகு உதிர்க்கிறது: சும்மா விடுவதா, தூக்கிப் பார்ப்பதா?

தண்டையார்பேட்டை மாடி:
எங்கள் மொட்டைமாடியில் வளரும் கூஸ் வாத்துக்கு நாலு மாதம் ஆகிறது. கழுத்திலும் நெஞ்சிலும் இறகு கொத்துக் கொத்தாக உதிர்கிறது, வாலில் பாதியைக் காணோம். கூப்பிட்டால் முன்பு ஓடி வரும், இப்போது தண்ணீர்த் தொட்டி நிழலிலேயே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சீக்கு என்கிறார், வாங்கிய கடையில் இறகு மாற்றும் பருவம் என்கிறார்கள். எதை நம்புவது?

மணலி வாத்துக்காரர்:
கடையில் சொன்னதுதான் சரி தம்பி. குஞ்சுப் பருவத்து முதல் இறகை மூணு, நாலு மாதத்தில் உதிர்த்துவிட்டுப் பெரிய வாத்துக்கான இறகு போடும். அந்த நேரத்தில் சுறுசுறுப்பு குறையத்தான் செய்யும், ஏனென்றால் சாப்பிடுகிற சத்தெல்லாம் இறகுக்குப் போகிறது, இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். முக்கியமாக, அடிக்கடி தூக்காதீர்கள். புதிதாக முளைக்கிற குருத்துக்குள் ரத்தம் ஓடும், முரட்டுத்தனமாகப் பிடித்தால் ஒடிந்து ரத்தம் கொட்டும், வலியும் உண்டு. அப்புறம், ஜூன் மாத வெயிலில் மாடித் தரை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நல்ல வாத்துகூட மதியத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து உட்காரும். மதியம் போய்ப் பார்த்துவிட்டுச் சாப்பிடவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். விடியற்காலையிலும் சூரியன் இறங்கின பிறகும் பாருங்கள். நிழல், தலை முங்குகிற ஆழத்துக்குத் தண்ணீர், பச்சைப் புல். இது போதும்.

பெரம்பூர் அக்கா:
வாத்துக்கார அண்ணன் வெயிலைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் "இறகு மாற்றுகிறது, விடு" என்ற பேச்சில் எத்தனையோ குஞ்சுகள் போயிருக்கின்றன, அதனால் நான் இதை விட மாட்டேன். இறகு உதிர்வதை வைத்து உடம்பு நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது இறகுக்குக் கீழே. உதிர்ந்த இடத்தில் இறகை விலக்கிப் பாருங்கள் தம்பி. தோல் சுத்தமாக இருந்து, மெழுகு உறை போட்ட கூர்மையான குருத்துகள் நெருக்கமாக நின்றால், அடிப்பக்கம் கருநீலமாகத் தெரிந்தால், அது இறகு மாற்றம். தோல் சிவந்து குருத்தே இல்லாமல் மொட்டையாக இருந்தாலோ, இறகு பாதியில் ஒடிந்திருந்தாலோ பேன், உண்ணி, அல்லது வேறு பறவை கொத்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் என்றால் அது இயல்பில்லை.

இன்னொன்று. இந்த வயதில் உடம்பு இறகும் வால் இறகும் மாறும், இறக்கையின் நீளப் பறக்கும் இறகுகள் வழக்கமாக அடுத்த வருடம்தான் விழும். பெரிய வாத்து அவற்றை மொத்தமாக உதிர்த்துவிட்டுச் சில வாரம் பறக்க முடியாமல் இருக்கும், அது வேறு கதை. நாலு மாதக் குஞ்சுக்கு அவை விழுந்தால் காரணம் தேட வேண்டும்.

ராயபுரம் கடலோரம்:
புரதம்தானே பிரச்சினை? காசிமேட்டில் மீன் வெட்டுகிற இடத்தில் தலையும் குடலும் சும்மாவே கிடைக்கும். அதைப் போடுங்கள், கருவாட்டுத் தூளும் கலந்து கொடுங்கள், இறகு சரசரவென்று வரும். எங்கள் தெருவில் நாட்டு வாத்துக்கு அதைத்தான் போடுகிறோம்.

மணலி வாத்துக்காரர்:
ஐயோ, வேண்டாம். நாட்டு வாத்து சேற்றில் நத்தையும் பூச்சியும் தேடித் தின்னும். கூஸ் புல் மேய்கிற ஜாதி. கருவாட்டில் இருக்கிற உப்பே அதற்கு விஷம் மாதிரி. வெயிலில் கிடந்து அழுகின மீன் கழிவில் புழு வைத்தால், அதைத் தின்ற வாத்துக்குக் கழுத்து துவண்டு தலையைத் தூக்க முடியாமல் போய், மூச்சு நின்றே செத்துவிடும். முருங்கைக் கீரை, அருகம்புல், அசோலா என்கிற நீர்ப்பாசி மாதிரியான செடி, கூடவே மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீவனம் கொஞ்சம், இதில் கிடைக்கிற புரதமே தாராளம்.

தண்டையார்பேட்டை மாடி:
காலை வெயில் ஏறுவதற்கு முன் பார்த்தேன். நெஞ்சில் குருத்து நிறைய இருக்கிறது, அக்கா சொன்ன மாதிரியே அடியில் கருநீலம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். பறக்கும் இறகு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் புல்லை இரண்டு வாய் கடித்துவிட்டு விட்டுவிட்டது. நெஞ்சு நடுவில் எலும்பு கைக்கு நன்றாகத் தட்டுப்படுகிறது. எச்சம் கொஞ்சமாக, தண்ணியாக, பளீரென்ற பச்சையில் இருக்கிறது. இறகு வளர என்று கடையில் சொல்லிக் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்துக் கொடுத்து வருகிறோம்.

பெரம்பூர் அக்கா:
புண்ணாக்கை இப்போதே நிறுத்துங்கள். மூட்டையில் கையை விட்டுப் பாருங்கள், கட்டி கட்டியாக இருக்கிறதா, முக்கல் வாடை அடிக்கிறதா? கடற்காற்று அடிக்கிற தண்டையார்பேட்டையில் புண்ணாக்கு சீக்கிரம் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். அதில் வருகிற அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை விஷம் ஈரலைக் கெடுக்கும், வாத்துக் குஞ்சுகளை அது ரொம்பச் சீக்கிரம் சாய்த்துவிடும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள், இந்த விஷம் உலகத்துக்குத் தெரிந்ததே அப்படித்தான். வாத்துக் குஞ்சுகளும் அதில் செத்தன. வெயிலில் காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் அந்த விஷம் முழுதாகப் போகாது.

அண்ணா, இதைத்தான் சொல்கிறேன். இறகு மாற்றம் உண்மைதான், ஆனால் வளர்கிற குஞ்சு இறகு மாற்றும்போதும் தீனிக்கு அலையும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தினால் சதை கரைகிறது என்று அர்த்தம். நன்றாகத் தின்கிற வாத்து நாள் முழுக்க எச்சம் போடும், அதில் புல் நார் தெரியும், வெள்ளைத் திட்டு இருக்கும். கொஞ்சமாகப் பளீர்ப் பச்சைத் தண்ணி என்றால் வயிற்றில் தீனி இல்லாமல் பித்தம் மட்டும் வருகிறது.

மணலி வாத்துக்காரர்:
புண்ணாக்கு என் வாத்துகள் வருடக்கணக்காகத் தின்கின்றன தாயி, ஒன்றும் ஆகவில்லை. பழைய மூட்டை என்றால் ஆகாது, அது சரி. ஆனால் நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்படுவது மட்டும் பெரிய விஷயமில்லை, இந்த வயதில் நெஞ்சுச் சதை இன்னும் முழுதாக ஏறியிருக்காது. எடை போடட்டும். ஒரு அட்டைப்பெட்டியில் உட்காரவைத்துத் தராசில் வைத்தால் போதும், இறக்கையைத் தொடவே வேண்டாம். இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டு, குறைந்திருந்தால் அப்போது மருத்துவரிடம் போகட்டும்.

பெரம்பூர் அக்கா:
எடை போடச் சொன்னது நல்ல யோசனை, நாளும் போடலாம். இரண்டு நாள் காத்திருக்கச் சொல்வதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பறவை சீக்கை மறைக்கும், வெளியே தெரியும்போது பாதி தாண்டியிருக்கும். தம்பி, கடையில் ஆன்டிபயாட்டிக் பொடி வாங்கித் தண்ணீரில் கலக்க வேண்டாம், தின்னாத வாத்து எவ்வளவு குடிக்கும், எவ்வளவு மருந்து உள்ளே போகும் என்று யாருக்கும் தெரியாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். புது எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் புண்ணாக்கிலும் ஒரு பிடி.

தண்டையார்பேட்டை மாடி:
மூட்டையின் அடியில் கட்டி இருக்கிறது, வாடையும் அடிக்கிறது. எடுத்து ஓரமாகக் கட்டி வைத்துவிட்டேன், வேறு எதுவும் அதைத் தொடாது. நாளைக்குக் காலையில் வேப்பேரி போகிறேன். ஆட்டோவில் எப்படிக் கொண்டுபோவது?

மணலி வாத்துக்காரர்:
போகிறதென்றால் சரி, பத்திரமாகப் போங்கள். இறக்கையையோ கழுத்தையோ பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு கையாலும் உடம்பை அணைத்து இறக்கையை மூடின மாதிரி பிடித்துத் தூக்கி, காற்றோட்டமுள்ள பெரிய கூடையில் ஈரச் சாக்கு விரித்து உட்காரவையுங்கள். வழியில் குருத்து ஒடிந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியில் சோளமாவு வைத்து அழுத்திப் பிடித்தால் நிற்கும். எடையை மட்டும் போகிற முன்னாடி போட்டு இங்கே எழுதுங்கள், டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்பார்.