ஈஸ்ட் பாட்டில் நாலு நாளில் அடங்கிவிடுகிறது

வணக்கம். ஹாலில் 2 அடி மீன் தொட்டியில் செடி வளர்க்கிறேன். செடிக்கு வேண்டிய கரியமில வாயுவுக்காக 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் 200 கிராம் சர்க்கரை, கால் ஸ்பூன் ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, மூடியில் துளை போட்டு டியூப் சொருகியிருக்கிறேன். முதல் இரண்டு நாள் விநாடிக்கு ஒரு குமிழி. ஐந்தாம் நாள் பார்த்தால் ஒன்றுமில்லை, புளித்த வாடைதான். வெயிலில் ஈஸ்ட் வேகமாகத் தின்றுவிடுகிறதா, இல்லை மூடியில் கசிவா? எம்-சீல் வைத்துத்தான் அடைத்தேன்.

அப்புறம், ராத்திரி இந்த வாயு வருவதை நிறுத்த வழியில்லை. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, பாவம். இப்போதைக்கு இரவில் ஏர் பம்ப் ஓடுகிறது.

ஈஸ்ட்டுக்குப் பதில் சிட்ரிக் அமிலம், சமையல் சோடா கலந்து வாயு எடுக்கும் முறைக்கு மாறி, இரவில் மூட வால்வு வைத்தவர்கள் அளவு சொல்லுங்களேன். பாட்டில் வெடிக்காதே? வீட்டில் அந்தப் பயம் வேறு.