வேவ்கைடு வடிவத்துக்கு அமெரிக்காவில் 103-ஆம் பிரிவின் கீழ் மறுப்பு: எதைக் கொண்டு பதில் எழுதுவது?

பட்டறைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் சிறிய பட்டறை ஒன்றில் ஸ்டுடியோ மானிட்டர் ஒலிபெருக்கிகள் செய்துவருகிறேன். ஒரு அங்குல டோம் ட்வீட்டருக்காக (உயர் அதிர்வெண்களை ஒலிக்கும், குவிமாடச் சவ்வு கொண்ட சிறு ஒலிப்பான்) நான் வடிவமைத்த வேவ்கைடுக்கு (ஒலியைத் திசைப்படுத்தும் புனல் போன்ற அமைப்பு) முதலில் இந்தியாவிலும், பின்னர் அமெரிக்காவிலும் காப்புரிமை விண்ணப்பம் தாக்கல் செய்தேன். அமெரிக்க விண்ணப்பத்துக்கு இப்போது, காப்புரிமை ஆய்வாளரின் எழுத்துப்பூர்வ முடிவாகிய முதல் ஆபீஸ் ஆக்‌ஷன் வந்திருக்கிறது. எல்லா உரிமைகோரல்களும் (எதற்குக் காப்பு கேட்கிறேன் என்று வரையறுக்கும் வரிகள்) அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவின்படி, அதாவது துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியவை என்ற காரணத்தால், மறுக்கப்பட்டிருக்கின்றன.

வடிவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்வீட்டர் பொருந்தும் உட்பக்கத் துளையான தொண்டை வட்டமானது. ஒலி வெளியேறும் வாய் 280 மி.மீ. அகலமும் 180 மி.மீ. உயரமும் கொண்ட, மூலை மழுங்கிய செவ்வகம். வாயின் விளிம்பு முன்பலகையோடு சேரும் இடத்தில் உள்ள வளைவின் ஆரம் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல், இடவல ஓரங்களில் 20 மி.மீ. எனத் தொடங்கி, மேல்கீழ் ஓரங்களில் 34 மி.மீ. வரை படிப்படியாக மாறுகிறது. இந்த மாற்றம்தான் என் கண்டுபிடிப்பின் உயிர் என்று நான் நம்புகிறேன்.

ஆய்வாளர் இரண்டு ஆவணங்களை இணைத்திருக்கிறார். முதலாவதில் வட்ட வாய் கொண்ட ஓப்லேட் ஸ்பீராய்டு (தட்டையான கோளத்தின் வடிவக்கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட) வேவ்கைடு இருக்கிறது. இரண்டாவதில் கம்ப்ரெஷன் டிரைவருக்கான (ஒலியைக் குறுகிய துளை வழியே அழுத்தி அனுப்பும் ஒலிப்பான்) செவ்வக வாய் ஹார்ன், அதாவது புனல் குழல், இருக்கிறது. அதன் விளிம்பு ஒரே ஆரத்தில் வளைக்கப்பட்டிருக்கிறது. மாறும் ஆரம் இரண்டிலுமே இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும், விளிம்பின் ஆரம் பலனைத் தீர்மானிக்கும் அளவு என்பது தெரிந்ததே என்றும், அதை வழக்கமான பரிசோதனைகளால் சரிசெய்வது எவருக்கும் தோன்றக்கூடியதே என்றும் எழுதியிருக்கிறார்.

மூன்று மாதக் கெடுவில் ஐந்து வாரங்கள் கழிந்துவிட்டன. ஒரு ஆவணம் டோமுக்கானது, மற்றொன்று கம்ப்ரெஷன் டிரைவருக்கானது, ஆகவே அவற்றை இணைக்கக் கூடாது என்று வாதிடலாமா? வட்ட வாயோடு ஒப்பிட்டு நான் எடுத்த, அதிர்வெண்வாரியாக ஒலி அளவைக் காட்டும் வரைபடங்களும் கைவசம் உள்ளன. அதில் வட்ட வாய்க்கு நேர் அச்சில் 3.7 கிலோஹெர்ட்ஸ் அருகே தெளிவான பள்ளம் இருக்கிறது, என்னுடையதில் இல்லை. இது போதுமா?

கோரல்வரி எழுதியது:

போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது உங்களுக்கு உதவியாக இருக்கும். நான் காப்புரிமை முகவராகப் பணிபுரிகிறேன். அமெரிக்கப் பதில்கள் பலவற்றை அங்குள்ள வழக்கறிஞர்களோடு சேர்ந்து தயாரித்திருக்கிறேன். கீழே எழுதுவதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டோம், கம்ப்ரெஷன் டிரைவர் என்ற வேறுபாட்டை வைத்து மட்டும் வாதிட்டால் நிற்காது. இரண்டும் ஒலியைத் திசைப்படுத்தும் ஒரே துறையைச் சேர்ந்தவை. 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில், வாகன மிதியில் மின்னணு உணரியைப் பொருத்தியது பற்றிய அந்தத் தீர்ப்பில், துறை அறிந்தவரைச் சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரமாகக் கருதக் கூடாது, அவருக்கும் சாதாரண அளவு கற்பனை உண்டு என்று தெளிவாக்கிவிட்டது. தெரிந்த இரண்டு கூறுகளை இணைத்து, எதிர்பார்த்த பலனே கிடைத்தால், அந்த இணைப்புக்குக் காப்புரிமை கிடைப்பது அரிது. ஒவ்வொரு ஆவணத்தையும் தனித்தனியாக எடுத்து "இதில் இது இல்லை, அதில் அது இல்லை" என்று எழுதுவதும் பயன்படாது. மறுப்பு இணைப்பின் மீது நிற்கும்போது ஆவணங்களைத் தனித்தனியே தாக்கக் கூடாது என்பது 1981-இன் கெல்லர் வழக்கிலிருந்து ஆய்வாளர்கள் வழக்கமாகக் காட்டும் விடை.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் உண்மையான பிடிமானம், மாறும் ஆரம் இரண்டிலும் இல்லை என்று ஆய்வாளரே ஒப்புக்கொண்ட வரிதான். அந்த இடைவெளியை அவர் "வழக்கமான பரிசோதனை" என்ற ஒரே சொற்றொடரால் மூடியிருக்கிறார். அங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும். 1977-இன் அன்டோனி வழக்கைப் படியுங்கள். கழிவுநீர் சுத்திகரிக்கும் கருவி ஒன்றில் தொட்டியின் கொள்ளளவுக்கும் சுழலும் தட்டுகளின் பரப்புக்கும் இடையிலான விகிதத்தை விண்ணப்பதாரரான அன்டோனி கோரியிருந்தார். அந்த விகிதம் பலனைத் தீர்மானிக்கிறது என்பதை முந்தைய அறிவு (விண்ணப்பத்துக்கு முன்பே வெளியாகியிருந்தவை) உணர்ந்திராத நிலையில், அதைச் சரிசெய்வது எளிதில் தோன்றக்கூடியது என்று சொல்ல முடியாது எனத் தீர்ப்பானது. உங்களுடையதும் ஒரு விகிதமே.

ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2012-இல் அப்ளைட் மெட்டீரியல்ஸ் வழக்கில், மெருகேற்றும் பட்டையில் உள்ள பள்ளங்களின் அளவுகள் பற்றிய வழக்கு அது, ஓர் அளவு ஒரு பண்பைப் பாதிக்கிறது என்று முந்தைய அறிவில் தெரிந்திருந்தாலே போதும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. விளிம்பை வளைத்தால் விளிம்புச் சிதறல் குறையும் என்பது ஹார்ன் செய்யும் எவருக்கும் தெரியும். ஆகவே ஆரத்தின் அளவு அறியப்பட்ட மாறியே. சுற்றளவில் அந்த ஆரம் மாறும் விகிதம் வேறொரு மாறி, அதை எவரும் தனியாகக் கருதிப் பார்த்ததில்லை என்பதைத்தான் நீங்கள் காட்ட வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். வழக்கறிஞரின் வாதம் சான்றுக்கு ஈடாகாது. விதி 1.132-இன் கீழ் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை, அளவீடுகளோடு, துறை அறிந்த ஒருவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

அலைமுகம் எழுதியது:

நான் ஒலியியல் பொறியாளர். சட்டத்தை முன்னவர் சொல்லிவிட்டார். வரைபடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பிழை அங்கேதான் இருக்கிறது.

3.7 கிலோஹெர்ட்ஸ் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வட்ட வாயின் ஆரம் 140 மி.மீ., ஆழம் 60 மி.மீ. என்று கொண்டால், தொண்டையிலிருந்து விளிம்புக்கு உள்ள தூரம் சுமார் 152 மி.மீ. அச்சின் வழியே வாய்த் தளத்துக்கு 60 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் 92 மி.மீ. ஒலியின் வேகம் நொடிக்கு 344 மீட்டர் என்றால் 92 மி.மீ. அலைநீளத்துக்குரிய அதிர்வெண் ஏறத்தாழ 3,700 ஹெர்ட்ஸ். விளிம்பில் சிதறிய அலை தலைகீழாகத் திரும்பிவருவதால், வித்தியாசம் ஒரு முழு அலைநீளமாகும்போது நேர் அலையை அது அழிக்கிறது. வட்டத்தில் விளிம்பின் எல்லாப் புள்ளிகளும் ஒரே தூரத்தில் இருப்பதால் அத்தனை சிதறலும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. பள்ளம் ஆழமாக விழுவதற்கு அதுவே காரணம்.

இப்போது உங்கள் செவ்வகத்தின் மேல் ஓரத்தைக் கணக்கிடுங்கள். அரை உயரம் 90 மி.மீ. விளிம்புக்கான தூரம் சுமார் 108 மி.மீ., வித்தியாசம் 48 மி.மீ., அதிர்வெண் 7 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடுகிறது. ஆக, வாய் செவ்வகமாக இருப்பதாலேயே சிதறல் பல அதிர்வெண்களுக்குப் பரவிவிடுகிறது. உங்கள் வரைபடத்தில் பள்ளம் மறைந்ததற்கு மாறும் ஆரம் காரணமா, செவ்வகம் காரணமா என்று ஆய்வாளர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? செவ்வகமும் நிலையான ஆரமும் இரண்டாவது ஆவணத்திலேயே இருக்கின்றன. உங்களுக்கு மிக நெருங்கிய முந்தைய வடிவம் அதுதான், வட்டம் அல்ல. அதோடு ஒப்பிடாத சான்றை எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார்.

இன்னொன்று. உங்கள் கோரலில் வாயின் அகலத்துக்கு 250 முதல் 300 மி.மீ. என்று வரம்பு எழுதியிருக்கக்கூடும் என ஊகிக்கிறேன். அதை வலிமை என்று நினைக்காதீர்கள். பத்து லட்சத்தை, பரப்புக் கோணத்தின் பாகையாலும் அங்குலத்தில் உள்ள வாய் அகலத்தாலும் வகுத்தால், எந்த அதிர்வெண்ணுக்கு மேல் ஹார்ன் கோணத்தைக் கட்டுப்படுத்தும் என்பது கிடைக்கும் என்று ஒலியியல் பொறியாளர் கீல் 1975-லேயே எழுதிவிட்டார். 11 அங்குலத்துக்கும் 90 பாகைக்கும் அது ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸ். 1989-இல் ஒலியியலாளர் கெட்டஸ் வேவ்கைடு கோட்பாட்டை வெளியிட்ட பிறகு தொண்டைப் பக்கத்துச் சுவரின் வடிவமும் பாடநூல் விஷயமாகிவிட்டது. உங்களுக்கு மிஞ்சியிருப்பது விளிம்பு ஒன்றுதான், அதுவும் சிறியதல்ல.

அச்சிட்டு அளந்து பாருங்கள். ஒரே ட்வீட்டர், ஒரே பெட்டி, ஒரே வாய். ஒன்றில் ஆரம் சுற்றிலும் 20 மி.மீ., மற்றதில் உங்கள் மாற்றம். ஒலிபெருக்கி அளவீட்டுத் தரமான சி.டி.ஏ.-2034 முறைப்படி கிடையாகவும் செங்குத்தாகவும் 10 பாகைக்கு ஒன்று என 70 அளவீடுகள் எடுங்கள். அச்சில் மட்டும் எடுத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

தறிமகள் எழுதியது:

இடையில் ஒரு சிறு கேள்வி. பயன்பாட்டுக் காப்புரிமை இவ்வளவு கடினமென்றால், வெளித்தோற்றத்துக்கு டிசைன் காப்புரிமை எடுத்துவிடலாமே?

கோரல்வரி எழுதியது:

எடுக்கலாம், அமெரிக்காவில் அது வழங்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகள் நிற்கும். ஆனால் அது தோற்றத்தை மட்டுமே காக்கும். போட்டியாளர் விளிம்பின் தோற்றத்தைக் கொஞ்சம் மாற்றி, அதே விகிதத்தை வைத்துக்கொண்டால் தப்பிவிடலாம். வடிவம் முழுவதும் செயல்பாட்டால் தீர்மானிக்கப்பட்டது என்று விண்ணப்பத்தில் நீங்களே அழுத்திச் சொல்லியிருந்தால் அதுவும் திரும்பிவந்து தாக்கும். ஒலிபெருக்கித் துறையிலேயே வணிகக்குறி தொடர்பாக ஒரு முன்னுதாரணம் உண்டு: போஸ் நிறுவனம் தன் ஐங்கோணப் பெட்டியின் வடிவத்தை வணிகக்குறியாகப் பதிய முயன்றபோது, அந்த வடிவம் செயல்பாட்டுக்கானது என்று 1985-இல் மறுக்கப்பட்டது.

பட்டறைக்காரன் அவர்களுக்கு இன்னும் இரண்டு குறிப்புகள். உங்கள் வடிவத்தை இணையத்தில் எங்காவது படமாக வெளியிட்டீர்களா? அமெரிக்காவில் கண்டுபிடித்தவரின் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு சலுகை உண்டு. இந்தியாவில் அந்தச் சலுகை குறிப்பிட்ட சில கண்காட்சிகளுக்கும் கற்றறிந்தோர் அவைகளில் படிக்கும் கட்டுரைகளுக்கும் மட்டுமே. அடுத்து, அமெரிக்காவில் நீங்கள் இப்போது எழுதும் வாதம் இந்தியக் கோப்பிலும் எதிரொலிக்கும். இங்கே காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு தொழில்நுட்ப முன்னேற்றத்தையோ பொருளாதார முக்கியத்துவத்தையோ கேட்கிறது. தெரிந்த சாதனங்கள் தத்தம் வழியில் தனித்தனியே இயங்க, அவற்றை வெறுமனே அடுக்கிவைத்தால் 3(எஃப்) தடுக்கிறது. விளிம்பும் வாயும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன என்று காட்டினால் இரண்டு நாடுகளுக்கும் அது பயன்படும். இந்திய ஆய்வறிக்கையில் காரணமின்றி "எளிதில் தோன்றக்கூடியது" என்று மட்டும் இருந்தால், முந்தைய ஆவணத்தில் உள்ளது எது, விண்ணப்பத்தில் உள்ளது எது, ஒன்றிலிருந்து மற்றது எப்படித் தோன்றும் என்று மூன்றையும் விவாதிக்க வேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2022-இல் அக்ரிபோர்டு வழக்கில் சொன்னதை எடுத்துக்காட்டுங்கள்.

பட்டறைக்காரன் எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அலைமுகம் அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. என் வரைபடம் தவறான கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தது.

நான்கு வாய்களை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் அச்சிட்டேன். அச்சு வரிகள் விளிம்பில் படிபோல் தெரிந்ததால், பட்டி பூசி, 400 எண் உப்புத்தாளால் நான்கையும் ஒரே அளவுக்குத் தேய்த்தேன். விளிம்பின் ஆரத்தை அட்டையில் வெட்டிய அளவுகோலால் 15 பாகைக்கு ஒரு முறை சரிபார்த்தேன். வாய்களில் ஒன்றில் நிலையான 20 மி.மீ. ஆரம், மற்ற மூன்றும் என் விண்ணப்ப விவரக்குறிப்பின் அட்டவணையில் உள்ள 1.3, 1.7, 2.4 ஆகிய விகிதங்கள் (மிகப்பெரிய ஆரத்தை மிகச்சிறிய ஆரத்தால் வகுத்தது). நல்லவேளையாக அந்த அட்டவணையைத் தாக்கல் செய்த நாளிலேயே சேர்த்திருந்தேன்.

அச்சில் நான்குக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு கிடையாக 30 முதல் 50 பாகை வரையிலான கோணங்களில், 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸுக்குள் தெரிந்தது. நிலையான ஆரத்தில் ஏற்றத்தாழ்வு 1.8 டெசிபல், 1.3-இல் 1.6, 1.7-இல் 0.9, 2.4-இல் 0.7. என் மனதுக்கு மிகவும் பிடித்திருந்த 1.3 வடிவம் ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை என்பது வருத்தமாக இருந்தது, அதைத்தான் விற்பனைக்குத் தயாராக்கியிருந்தேன். ஆயினும் 1.3-க்கும் 1.7-க்கும் இடையே ஏதோ ஒன்று திரும்புகிறது என்பது கண்கூடு.

கோரல்வரி எழுதியது:

அந்தத் திருப்பம்தான் உங்கள் சான்று. ஆரத்தைக் கொஞ்சம் மாற்றினால் பலனும் கொஞ்சம் மாறும் என்று துறை அறிந்தவர் எதிர்பார்ப்பார், 1.3 வரை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இருந்து, 1.7-இல் ஏற்றத்தாழ்வு பாதியாகக் குறையும் என்று எதிர்பார்க்கமாட்டார். சான்று கோரலின் முழு வரம்புக்கும் பொருந்த வேண்டும் என்பதால், முதல் கோரலை 1.7 முதல் 2.4 வரை என்று சுருக்குங்கள். இரண்டு எண்களும் மூல விவரக்குறிப்பில் இருப்பதால் புதிய விஷயத்தைச் சேர்த்ததாக ஆட்சேபம் வராது. வாயின் அகலத்தை முதல் கோரலிலிருந்து எடுத்து, அதைச் சார்ந்து நிற்கும் சார்புக் கோரலுக்குத் தள்ளுங்கள். "ஆரம் சுற்றளவில் தொடர்ச்சியாக மாறுகிறது, மிகச்சிறிய ஆரம் தொண்டையிலிருந்து மிகத் தொலைவான ஓரத்தில் அமைகிறது" என்ற தொடர்பை முதல் கோரலிலேயே எழுதுங்கள். ஒலியியல் காரணம் கோரலுக்குள் இருந்தால்தான் உங்கள் சான்று எதைப் பற்றியது என்று ஆய்வாளருக்குப் புரியும். கோரலின் சொற்களில் கணித வடிவத்தைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். போஸ் எதிர் ஜே.பி.எல். வழக்கில் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து காற்று வெளியேறும் போர்ட் குழாயின் நீள்வட்டத்தைப் பற்றிய கோரல் தெளிவற்றது என்ற வாதம் எழுந்தபோது, நீள்வட்டம் என்றாலே பெரிய விட்டம் உண்டு என்று 2001-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

1.3-இன் அளவீட்டை மறைக்காமல் உறுதிமொழிப் பத்திரத்தில் சேருங்கள். எழுதி அனுப்பும் முன் ஆய்வாளரோடு நேர்காணல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்; நான்கு வாய்களையும் கேமராவின் முன் வைத்து, விளிம்பை விரலால் தடவிக் காட்டுங்கள். கட்டணம் செலுத்திக் கெடுவை நீட்டிக்கொள்ள இடம் இருந்தாலும், உங்களுக்கு இன்னும் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் உள்ளன.

பட்டறைக்காரன் எழுதியது:

மிக்க நன்றி. வழக்கறிஞர் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேர்காணல் கேட்டிருக்கிறார். 1.3-க்கும் 1.7-க்கும் இடையே 1.5 விகிதத்தில் ஐந்தாவது வாய் ஒன்றை இன்றிரவு அச்சில் ஏற்றுகிறேன்.