வயதான பூனையை ஊசி போட்டு அனுப்பும் முடிவு: எங்கள் வீட்டு அனுபவம்

கிட்னி பழுதான பூனையை, வலியில்லாமல் உயிர் பிரிய டாக்டரிடம் ஊசி போட்டு அனுப்புவதா, தானாகப் போகும்வரை வைத்திருப்பதா, நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் சுந்தரிக்கும் அதே நோய்தான், வயது 17. வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "வாயில்லா ஜீவன், உசிரை எடுக்கிற பாவம் நமக்கெதுக்கு, அதுவா போகட்டும்." பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனால் கிட்னி போன பூனை "அதுவா போவது" எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடும், நாக்கு ஓரத்தில் புண் வரும், மூச்சில் மூத்திர வாடை அடிக்கும், எந்நேரமும் குமட்டும், கடைசியில் வலிப்புகூட வரலாம். தூக்கத்திலேயே நிம்மதியாகப் போவது எல்லாப் பூனைக்கும் வாய்ப்பதில்லை.

கிட்னி வடிகட்ட வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தப் பரிசோதனையில் 5-ஐத் தாண்டினால் கிட்னி நோயின் நான்காம் நிலை, அதற்கு மேல் நிலை கிடையாது. சுந்தரிக்கு அதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த எண்ணை வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை, ஏனென்றால் தோலுக்கடியில் ஆர்.எல். (உப்பு கலந்த டிரிப் நீர்) ஏற்றியதில் அவள் நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தாள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். பாட்டிலை முன்பே வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தெடுத்தால் குளிர்ச்சி தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். ஏற்றிய நீர் மெல்ல இறங்கி ஒரு முன்னங்காலில் பை போலத் தொங்கும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

டாக்டர் ஒரு வழி சொன்னார். சாப்பிடுகிறாளா என்று மட்டும் பார்க்காதீர்கள், அவள் விரும்பிச் செய்கிற நாலு காரியத்தை எழுதி வையுங்கள், அதில் எது எது நின்றுபோகிறது என்று கவனியுங்கள் என்றார். நாங்கள் எழுதி வைத்தது இவை: மீன்காரம்மா குரல் கேட்டதும் கேட்டுக்கு ஓடுவது, நெத்திலித் தலைக்குச் சண்டை போடுவது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, அம்மா பூஜை முடித்ததும் மடியில் ஏறுவது. முதலில் ஓட்டம் நின்றது. அப்புறம் நக்குவது நின்று முதுகு முடி சிக்குப் பிடித்தது. காலண்டரில் நல்ல நாளுக்கு டிக், மோசமான நாளுக்குப் பெருக்கல் குறி போட்டு வந்தோம். பெருக்கல் குறி கூடிய வாரம், மூத்திரம் போகும் மண் தட்டுவரைகூட நடக்க முடியாமல் ஈரத்திலேயே படுத்துக் கிடந்தாள். அம்மா அப்போதும் "குர்ருனு சத்தம் போடுறாளே, சந்தோஷமாத்தானே இருக்கா" என்றார். வலியிலும் பூனை அந்தச் சத்தம் போடும் என்று டாக்டர் விளக்கியபின்தான் அம்மா ஒப்புக்கொண்டார்.

முதலில் மயக்க ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள், இது முக்கியம். சுந்தரி அம்மா மடியிலேயே அசந்து தூங்கிய பிறகுதான் நரம்பில் அடுத்த ஊசி போட்டார். கண் மூடாது, ஓரிரு மூச்சு இழுப்பதுபோல் வரலாம், அது உயிரல்ல என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் யாரும் பதறவில்லை.

*

மேலே சுந்தரியைப் பற்றி எழுதியவர் வீட்டைப் போல் இல்லை, எங்கள் வீட்டில் வேறு மாதிரி. எங்கள் பூனைக்கு நாக்குக்கு அடியில் புற்றுநோய்க் கட்டி. பசி இருந்தது, அதுதான் கொடுமை. தட்டுக்கு வருவான், மோந்து பார்ப்பான், எச்சில் ஒழுகப் பின்வாங்கி உட்காருவான். பூனை வலியை மறைக்கும், ஆனால் முகத்தில் தெரியும். கனடாவில் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019-இல் இதற்கு ஒரு அளவுகோலே வெளியிட்டார்கள். காது பக்கவாட்டில் விரிகிறதா, கண் சுருங்குகிறதா, மூக்கும் வாயும் இறுகுகிறதா, மீசை விறைக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று ஐந்துக்கும் பூஜ்யம் முதல் 2 வரை மதிப்பெண். பத்துக்கு 4 வந்தாலே வலிக்கு மருந்து யோசிக்க வேண்டும். மருந்து கொடுத்தும் எங்களவனின் முகம் தெளியவில்லை, மறுநாளே முடிவெடுத்தோம். தயவுசெய்து வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும், அதுவும் மூச்சுத் திணற வைத்து.

*

மேலே இருவரும் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அடக்கம் செய்யும் இடத்தை முன்னாடியே பேசி வையுங்கள். எங்களுக்குச் சொந்த இடம் இருந்ததால் தோட்டத்திலேயே புதைத்தோம், மூன்றடிக்குக் குறையாமல் தோண்டி மேலே கல் பரப்பினோம். ஊசி மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும், தெருநாய் தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. டாக்டரின் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள், அழுத கண்ணோடு கவுன்டரில் நிற்க வேண்டியிருக்காது. நாளைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள், காத்திருக்கிறோம்.