ஜிடி2 தடுப்பூசியும் ஈஸ்ட் மருந்தும்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நியூஜெர்சி அப்பா:
பையனுக்கு நியூரோபிளாஸ்டோமா, சின்னக் குழந்தைகளுக்கு வரும் ஒரு நரம்பணுப் புற்று. ஒருமுறை திரும்ப வந்து அடங்கிய பிறகு, நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நடந்த தடுப்பூசிச் சோதனையில் சேர்த்தோம். அந்தப் புற்றணுக்களின் மேல் ஜிடி2, ஜிடி3 என்று இரண்டு பொருள்கள் உண்டு. ஊசியில் இருப்பதும் அவைதான். அதைப் பார்த்து உடம்பு தானே ஆன்டிபாடி, அதாவது அவற்றைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம், தயாரிக்க வேண்டும். கூடவே, அந்த எதிர்ப்பைத் தூண்டிவிட, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த பீட்டா குளுக்கான் என்ற மாவுச்சத்து வகைப் பொருளைக் குடிக்கக் கொடுப்பார்கள்.

ஒரு வருஷத்தில் 7 ஊசி. போட்ட இடம் சிவந்து வீங்கியது, ராத்திரி காய்ச்சல் அடித்தது. அவ்வளவுதான். அதற்கு முன், வெளியில் தயாரித்த ஜிடி2 ஆன்டிபாடியை நரம்பில் ஏற்றியபோது, வலிமருந்து கொடுத்தும் துடித்துவிட்டான். அதைப் பார்த்த எங்களுக்கு இந்தக் காய்ச்சல் ஒரு பொருட்டே இல்லை.

பாடு எல்லாம் குளுக்கானில்தான். எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். 2 வாரம் தினமும், அடுத்த 2 வாரம் லீவு. சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தோரமாக விட்டால் பாதி சட்டையில் வழியும். என் அம்மா ஊரிலிருந்து வந்து, நிலாக் கதையை ஆரம்பித்துச் சரியான இடத்தில் நிறுத்துவார். மீதிக் கதைக்காக வாயைத் திறப்பான். நர்ஸுகளுக்கே இது தெரியாத வித்தை!

மதுரைக்காரன்:
இந்தக் குளுக்கான் செய்தி எங்கள் வீட்டுக்கும் வந்தது, வாட்ஸப் வழியாக. சித்தப்பாவுக்குக் குடல் புற்று, கீமோ நடக்கிறது. அத்தை மகன் பீட்டா குளுக்கான் கேப்சூல் டப்பாவோடு வந்து நின்றான். டாக்டரிடம் காட்டினோம். லேபிளைத் திருப்பிப் பார்த்தார். ஈஸ்ட் இல்லை, காளான். "இப்போதைக்கு வேண்டாம், கீமோ முடியட்டும்" என்றார். அத்தைக்கு இன்னும் கோபம். ஒருவேளை தனியாகவே குளுக்கான் வேலை செய்யுமோ அண்ணா?

நியூஜெர்சி அப்பா:
2023இல் அந்தச் சோதனையின் முடிவு வெளியானது தம்பி. 107 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முதல் வாரத்திலிருந்தே குளுக்கான், மற்றதற்கு 6ஆவது வாரத்திலிருந்து. எங்கள் பையன் பிந்திய குழு. முந்திக் குடித்தவர்களுக்கு ஜிடி2 ஆன்டிபாடி கூடுதலாக வந்திருக்கிறது. குடல் பாக்டீரியாவுக்கும் அதில் பங்கு இருக்கும் போலிருக்கிறது என்கிறார்கள். ஆனால் எல்லோருமே ஊசி போட்டவர்கள். குளுக்கான் மட்டும் குடித்தவர் ஒருவர்கூட இல்லை. அதனால் தனியாக வேலை செய்யுமா என்று நீங்கள் கேட்பதற்கு அதில் பதிலே கிடையாது.