பதில்: தேர்தல் நன்கொடை – சங்கத்தின் பெயரில் ரசீது அடித்தது யார்?

எல்லோருக்கும் வணக்கம்.

வடக்குத் தெரு மதினி ஊரிலிருந்து திரும்பியதும் போட்ட மடலையும், அதற்கு வந்த பதில்களையும் ஒரே மூச்சில் படித்தேன். பாதிப் பேர் களத்துமேட்டு விவகாரத்துக்குப் போய்விட்டீர்கள். மீதிப் பேர் டூரிங் டாக்கீஸ் காலத்துக்கே போய்விட்டீர்கள். சங்கத்தின் பெயரில் தேர்தல் நன்கொடை ரசீது அடித்தது யார் என்று மதினி கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது.

நம்மூர் டீக்கடைச் சுவரில், சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்கும் டெய்லர் வீட்டுத் தம்பியின் படம் போட்ட நோட்டீஸ். அதற்குக் கீழே ‘வெளிநாடு வாழ் ஊர்ச் சங்கத்தின் ஆதரவு பெற்ற வேட்பாளர்’. கடைக்காரர் கையில் ரசீதுப் புத்தகம். தலைப்பில் நம் சங்கத்தின் பெயர், குத்துவிளக்கு முத்திரை, எண் 51 முதல். மதினி பொய் சொல்கிற ஆள் இல்லை. இதை யார் அடித்தது? பொதுக்குழுவில் எப்போது முடிவானது? நான் தேடிய மட்டில் எந்தக் கூட்டக் குறிப்பிலும் இல்லை.

சங்கம் சிங்கப்பூரில் பதிவானது. இந்தியச் சட்டத்துக்கு அது வெளிநாட்டு அமைப்பு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் என்று 2010இல் வந்ததே, அதன் மூன்றாம் பிரிவு யார் யார் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்று அடுக்கும்போது முதலில் வைப்பதே தேர்தல் வேட்பாளரைத்தான். சங்கப் பணம் பத்து ரூபாய் போனாலும் மாட்டிக்கொள்ளப் போவது அவன். நாம் இங்கே பொங்கல் விழாவுக்கு வடை சுட்டுக்கொண்டிருப்போம், அவன் அங்கே வக்கீல் வாசலில் நிற்பான். எதிர் ஆட்கள் அந்த நோட்டீஸை ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் போதாதா?

கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அதை வெளிநாட்டுப் பணமாகச் சட்டம் பார்ப்பதில்லை. வேட்பாளர் தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும்; அதற்கு உங்கள் பெயரிலேயே போடுங்கள். சிவப்புப் பாஸ்போர்ட்டுக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமைக்கு, மாறியவர்கள் தயவுசெய்து ஒதுங்கி நில்லுங்கள். ‘ஓசிஐ கார்டு இருக்கிறதே’ என்று எழுதிய தம்பிக்கு: வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற அந்தக் கார்டு விசாவுக்கு உதவும், இதற்கு உதவாது. அவனுக்கு நெருங்கிய சொந்தம் என்றால் அதற்கு வேறு விதி இருக்கிறது, வக்கீலைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இருபது பேர் டிக்கெட் போட்டு வந்து ஓட்டுப் போடுவோம் என்று துபாய்க் கோஷ்டி எழுதியிருக்கிறது. நல்லது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் படிவம் 6ஏ கொடுத்து முதலில் பட்டியலில் பெயரைச் சேருங்கள். வாக்குச்சாவடிக்கு அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். இங்கிருந்தபடி போட வழி கிடையாது. டிக்கெட் காசை அவனிடம் கேட்காமல் இருந்தால் அதுவே பெரிய நன்கொடை.

இப்போது மலேசியாப் பெரியப்பாவுக்கு வருகிறேன். ‘டெபாசிட் போனவனை நம்மூர்க்காரன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது, நோட்டாவுக்கும் கீழே போனான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் போனான்தான். ஆனால் டெபாசிட் எப்படிப் போகிறது என்று பாருங்கள். செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் பணம் திரும்ப வரும். தொகுதியில் இரண்டு லட்சம் வாக்கு விழுந்தால் 33,334 வேண்டும். நம்மூரில் பச்சைப் பிள்ளையைக்கூடச் சேர்த்து எண்ணினாலும் இரண்டாயிரம் தலை தேறாது. கட்சி இல்லை, கொடி இல்லை, சாதிக்காரன் என்று சொல்லப் பெரிய கூட்டமும் இல்லை. அவன் ஜெயிப்பான் என்று நானும் சொல்லவில்லை. இந்த முறையும் 10,000 ரூபாய் போகும்.

துபாய்த் தம்பி அவனை மேட்டூர் பத்மராஜனோடு ஒப்பிட்டுச் சிரித்திருக்கிறான். பத்மராஜன் 1988லிருந்து நிற்கிறார், தோற்பதற்கென்றே நிற்கிறேன் என்று அவரே சொல்கிறார், அது அவர் இஷ்டம். நம் ஆளை மொடக்குறிச்சித் தொகுதி விவசாயிகளோடு வேண்டுமானால் சேர்த்துப் பேசலாம். 1996இல் விவசாயிகள் தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று கூட்டமாக மனு போட்டு, ஒரே தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாக அடிக்க வேண்டியதாயிற்று. அப்போது டெபாசிட் 250 ரூபாய்தான். அந்த ஆண்டே 5,000 ஆக்கினார்கள், பிறகு 10,000. குறையைச் சொல்வதற்கான கட்டணம் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

இவன் குறை என்ன? பெரிய கண்மாய். 2017இல் குடிமராமத்து என்று கண்மாய், ஏரிகளைச் சீரமைக்கும் திட்டத்தை அரசு ஆரம்பித்த பிறகு நம் கண்மாயில் என்ன வேலை நடந்தது, எவ்வளவு மண் எடுத்தார்கள், அது எங்கே போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவன் அவன் ஒருவன்தான். மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு இன்னும் உடைந்துதான் கிடக்கிறது, மடை வாயில் சீமைக்கருவேலம் முளைத்திருக்கிறது. மதினி அனுப்பிய படத்தில் பாருங்கள். திங்கட்கிழமை ஆனால் சிவகங்கை பஸ் ஏறி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறான். 2019 டிசம்பரில் ஊராட்சித் தலைவருக்கு நின்றதும் இதற்காகத்தான். அப்போது யார் யாரைத் தோற்கடித்தார்கள், முதல் நாள் ராத்திரி எந்த வீட்டுத் திண்ணையில் எண்ணிக் கொடுத்தார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை. இந்தக் குழுவிலேயே தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். அந்தப் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது, ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனது. உள்ளாட்சித் தேர்தல் எப்போது வைத்தாலும் அதிலும் நிற்பேன், சட்டமன்றத்துக்கும் நிற்பேன் என்கிறான். சரி, நிற்கட்டும்.

எனக்கு அவன் மேல் மரியாதை வந்தது வேறு ஒன்றால். 2021 தேர்தல் முடிந்ததும் தன் செலவுப் பதிவேட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். தேர்தல் ஆணையம் கொடுக்கிற புத்தகம் அது: அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். ‘பசை காய்ச்ச மைதா 2 கிலோ’ என்று ஒரு வரி. ‘மைக் செட் ஆட்டோ, அரை நாள்’ என்று ஒரு வரி. அதற்கு நேரே ஆட்டோக்காரரின் கையெழுத்து, அதில் மைதாப் பசை விரல் பட்ட கறை. மொத்தமாகச் செலவு செய்த தொகை நம் சங்கம் ஒரு விழாவில் பொன்னாடைக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு. முடிவு வந்த முப்பது நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும், தவறினால் மூன்று வருஷம் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம். எத்தனையோ சுயேச்சைகள் இதில் கோட்டை விடுகிறார்கள். இவன் பத்தொன்பதாம் நாளே கொடுத்துவிட்டு ஒப்புதல் சீட்டையும் வாங்கி வைத்திருக்கிறான்.

பெரியப்பா, குடமுழுக்குக் கணக்கில் ‘இதர செலவு’ என்று ஒரே வரியில் போட்டு முடித்தது யார்? அதற்கு ரசீது கேட்டதற்குத்தான் என்னை ‘ஆடிட்டர் மாப்பிள்ளை’ என்று இந்தக் குழுவில் கிண்டல் செய்தீர்கள். அந்த மைதாக்காரனைப் பார்த்து உங்களுக்குக் கூச்சம் வருகிறது. எனக்கு வரவில்லை. தவிர, உங்கள் அக்காளுக்கு ராத்திரியில் வலி கண்டபோது டெய்லர் மாமா தன் மாட்டு வண்டியைப் பூட்டியது ஆச்சிக்கு நினைவிருக்கும். கேட்டுப் பாருங்கள்.

இதனால் அவனிடம் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை. சங்கத்தின் பெயரை நோட்டீஸில் போட அவன் சம்மதித்திருந்தால் அது தப்பு. நேற்று போனில் கேட்டேன். ‘அண்ணே, நோட்டீஸை அடிச்சு எடுத்துட்டு வந்தவங்களே ரசீதுப் புக்கும் கொண்டு வந்தாங்க, சங்கத்துல சொல்லிட்டோம்னாங்க’ என்றான். யார் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறான். சோறு போட்ட வீடாம். நோட்டீஸை இன்றைக்கே கிழிக்கச் சொல்லிவிட்டேன், வாங்கிய பணத்தைக் கொடுத்தவர்களிடமே திருப்பிவிட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். செய்வான்.

தலைவர் மாமா, செயலாளர் அண்ணன் இருவரும் சேர்ந்து, எந்த வேட்பாளருக்கும் சங்கத்தின் ஆதரவு கிடையாது என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை அவனுக்கும் ஊருக்கும் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் போகட்டும். போன வருஷம் சங்கத்துக்கு அடித்த ரசீதுப் புத்தகங்களில் 1 முதல் 50 வரை என்னிடம் இருக்கிறது. 51 முதல் 100 வரை வாங்கிக்கொண்டவர் யாரென்று பொருளாளர் பதிவேட்டைப் பார்த்து இந்தக் குழுவிலேயே எழுதட்டும், தனி மடலில் வேண்டாம்.