இரண்டு கார் போதும் என்று தோன்றிய நாள்

கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஒரு டிராவல்ஸில் வண்டி அனுப்பும் வேலை எனக்கு. இங்கே இரண்டு வகை கார். ஒன்றுக்குத் தமிழ்நாட்டுக்கும் பெர்மிட் உண்டு, செலவு அதிகம். மற்றது கேரளாவுக்குள் மட்டும். ட்ரிப் நேரம் நம் கையில் இல்லை. முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க முடியுமா?

ஒரே வகை வண்டி என்றால் கவலையே இல்லை. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை ட்ரிப் ஓடுமோ அத்தனை வண்டி போதும். இரண்டு வகை ஆனதும் அந்தக் கணக்கு நிற்காது. ஒரு நாள் வந்த புக்கிங் இது: காலை 6–9 கோவை ஏர்போர்ட், 8–11 மலம்புழா, 10–2 ஆலத்தூர் கல்யாணம், 1–4 பொள்ளாச்சி ஆஸ்பத்திரி. கோவையும் பொள்ளாச்சியும் தமிழ்நாடு, மற்ற இரண்டும் கேரளா. எந்நேரமும் இரண்டு ட்ரிப்புக்கு மேல் இல்லை. எல்லை தாண்டுவதும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அப்போ வகைக்கு ஒரு கார் போதும்தானே?

போதாது. பெர்மிட் கார் ஏர்போர்ட்டில் இருப்பதால் மலம்புழாவுக்கு உள்ளூர் கார் போகும். அது 11 மணிக்குத்தான் திரும்பும். கல்யாணத்துக்குப் பெர்மிட் கார் போயாக வேண்டும். அது 2 மணிக்குத்தான் வரும், 1 மணிக்குப் பொள்ளாச்சி நோயாளிக்குப் பெர்மிட் வண்டி இல்லை. கல்யாணத்துக்கு இன்னொரு உள்ளூர் காரை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு காருக்குமே பெர்மிட் இருந்திருந்தாலும் சமாளித்திருக்கலாம். எது மலிவு என்பதைத்தான் மாதாமாதம் பார்க்கிறோம்.

—

அண்ணா, கஞ்சிக்கோட்டில் சர்வர் பார்க்கும் எனக்கும் இதே சிக்கல்தான். ஜிபியூ (கனமான கணக்குகளை வேகமாகப் போடும் சிப்) உள்ள மெஷின் எல்லா வேலையும் செய்யும், விலை அதிகம். சாதா மெஷின் சில வேலைகளை மட்டும் செய்யும். ஆனால் எங்களுக்கு ஒரு வழி இருக்கிறது: ஓடுகிற வேலையைப் பாதியில் சேமித்து அடுத்த மெஷினுக்கு மாற்றலாம். உங்கள் கல்யாண வீட்டார் 11 மணிக்கு உள்ளூர் காருக்கு மாறச் சம்மதித்தால் இரண்டே கார் போதும், இல்லையா?

ஒரே வகைக் கணக்கு பழையது. டான்ட்சிக், ஃபுல்கர்சன் என்ற கணித அறிஞர்கள் 1954-லேயே எண்ணெய்க் கப்பல்களுக்குப் போட்டார்கள். இரண்டு வகைக்கும் கணினி சீக்கிரம் சரியான விடை தரும். வகைகள் பெருகினால்தான் திணறும்.

—

தம்பி, பட்டுப்புடவையோடு இருக்கிறவர்களை நடுவழியில் இறக்கிவிட முடியாதுப்பா. ஆனால் சரக்கு ட்ரிப்புக்கு இது சரிவரும். வேலந்தாவளம் லோடுகளில் பார்க்கிறேன்.